நைனா போடாத கையெழுத்து

வியாசர்பாடி
1.10.2025, புதன்

அக்கா,

அம்மா போனில் எதை அனுப்பினாலும் அம்மா படித்துவிடுகிறாள். அதனால் நோட்டுத் தாளில் எழுதுகிறேன். என் வகுப்பு சைமாவை உனக்குத் தெரியும். டோல்கேட்டில் அவள் அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். நீயும் தாளில் எழுதிப் படம் அனுப்பு. பிரிண்ட் எடுத்து வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்துத் தருவாள்.

எல்லோரும் தூங்குகிறார்கள். வராந்தா டியூப்லைட் வெளிச்சம் விழுகிற சமையல்கட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா புரண்டு படுத்தால் தாளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன்.

நைனாவுக்கு உடம்பு சரியில்லை, லீவில் இருக்கிறார் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அது பொய். நைனா சஸ்பெண்டு ஆகி நாற்பத்தோரு நாள் ஆகிறது.

ஆகஸ்ட் மாதம் எண்ணூர் துறைமுகத்தில் அவர் டெர்மினலுக்கு மூன்று கன்டெய்னர் வந்தது. சரக்குத் தாளில் பீரங்கிக் குண்டின் கூடு என்று எழுதியிருந்ததாம். போகும் இடம் இஸ்ரேல். கிரேன் மேலே இருந்த நைனா தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். "வேற இன்னா சரக்குன்னாலும் தூக்கறேன். இத்த தூக்க மாட்டேன்" என்றார். அவரோடு எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். அந்த எட்டுப் பேரும் பிறகு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். நைனா மட்டும்தான் மிச்சம்.

நேற்று கம்பெனி ஆபீசர் ஜெகதீசன் சார் வீட்டுக்கே வந்தார். டிவியில் காஸாவுக்கு அமெரிக்கா போட்ட சமாதானத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "பாருப்பா, அங்கயே சமாதானம் ஆயிடுச்சு. ரமல்லாவுல இருக்கிற பாலஸ்தீன அரசாங்கமே வரவேற்குது. நீ இன்னும் யாருக்காகச் சண்டை போடற?" என்று கேட்டார்.

நைனா, "அந்த ஊரு ஜனத்த யாருனா கேட்டாங்களா சார்?" என்றார்.

"உன்னைக் கேட்டாங்களா?"

"அத்த தான் சொல்றேன்."

ஜெகதீசன் சார் ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதில் இரண்டே வரி. 'என் தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்கிறேன். இனி எந்தச் சரக்கையும் தூக்க மறுக்க மாட்டேன்.'

நைனா அதைத் தொடவில்லை. போன வாரம்தான், உண்ணாவிரதத்தை முடிக்க பாபாசாகேப் கையெழுத்து போட நேர்ந்த பூனா ஒப்பந்த நாளில், வருஷா வருஷம் சொல்வதையே சொன்னார். "ஒரு மனுசன் உசுரக் காப்பாத்த ஒரு ஜனமே கையெழுத்து போட வேண்டியதா போச்சி. கையெழுத்துன்னா சும்மா இல்ல." அம்மா அதைக் கேட்டு எழுந்து போய்விட்டாள்.

இன்று மத்தியானம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீ போடுறி. ரேங்க் கார்டுல நைனா பேர நீதான போடற" என்றாள்.

உனக்குத் தெரியும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவரை எழுப்ப மனசு வராமல் ஆறாம் வகுப்பிலிருந்து ரேங்க் கார்டில் அவர் பெயரை நான்தான் போடுகிறேன். 'ன்' எழுத்துக்குக் கீழே வால் மாதிரி ஒரு சுழி. அந்தச் சுழி நானே கண்டுபிடித்தது.

இன்னும் போடவில்லை அக்கா. நீ அந்த ஜனங்களோடு இருக்கிறாய். சமாதானம் வந்துவிட்டதா? அவர்கள் என்ன சொல்கிறார்கள்?

மகிழினி


அம்மான், ஜோர்டான்
5.10.2025

மகி,

உன் தாளை மூன்று தடவை படித்தேன். என்னிடம் இத்தனை நாள் மறைத்தார்களே என்ற கோபத்தில்தான் எழுதுகிறேன். ஏதாவது கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் நர்ஸ் வேலை பார்க்கும் வார்டில் டயாலிசிஸ் நோயாளிகள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், அதே நாற்காலி, அதே பக்கத்து ஆள். கையில் ஊசி இருப்பதால் கோபம் வந்தாலும் யாரும் எழுந்து போக முடியாது. முக்கால்வாசிப் பேர் பாலஸ்தீனர்கள். டிவியில் செய்தி. நீயே நினைத்துப்பார்.

ஓய்வு பெற்ற தபால்காரர் அபு சமீர், ரமல்லா அரசாங்கத்தின் ஆள். "கொடுப்பதை வாங்கு. மீதியை உயிரோடு இருந்து பேசு" என்கிறார். பக்கத்து நாற்காலி டாக்சி ஓட்டும் ஹானிக்கு அவரைக் கண்டால் ஆகாது. "பேசியது அவர்கள், எழுதியது அவர்கள், நமக்கு என்ன வேலை? கை தட்டுவதா?" என்று கத்துகிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஹமாஸ் பதில் வந்தது. பிடித்து வைத்தவர்களை விடுகிறோம், நிர்வாகத்தையும் வேறு பாலஸ்தீனர்களிடம் கொடுக்கிறோம், மற்றதைப் பாலஸ்தீனர்கள் எல்லோரும் கூடிப் பேச வேண்டும் என்றார்கள். "பார், ஆம் என்றுவிட்டார்கள்" என்றார் அபு சமீர். "இல்லை, 'ஆனால்' என்றார்கள்" என்றான் ஹானி. இருவருக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. நான் டிவியை அணைத்தேன்.

மூன்றாவது நாற்காலியில் ரீமா. தையல்காரி. அவள் தங்கை காஸாவில், டெய்ர் அல்-பலாவில், கூடாரத்தில் இருக்கிறாள். செய்தி ஓடும்போதெல்லாம் ரீமா தன் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

என்னைக் கேட்டால் அபு சமீர் சொல்வதுதான் சரி. எழுதிக் கொடுத்துவிடு மகி. ஒரு தாள்தானே. நம் நைனாவுக்கு ஊரே குடும்பம், குடும்பம் யாரோ மாதிரி. மூன்று வருஷம் முன்பு நான் இங்கே கிளம்பியபோது என்ன செய்தார்? டெர்மினல் கேட் முன்னால் தர்ணா என்று உட்கார்ந்துவிட்டார். ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீயும் அம்மாவும் மட்டும் நின்றீர்கள். அவர் கொள்கைக்கு நான் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டேன். நீயும் கொடுக்க வேண்டாம்.

கார்குழலி


வியாசர்பாடி
15.10.2025

அக்கா,

போட்டுவிட்டேன்.

எட்டாம் தேதி போட்டேன். அம்மா கொண்டுபோய்க் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை டிவியில் காஸாவில் சண்டை நின்றது என்றார்கள். அன்றைக்கே நைனாவுக்குப் போன் வந்தது, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி. நைனாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கம்பெனி இறங்கி வந்துவிட்டது என்று நினைத்தார். "மன்னிப்பு கேக்காமயே கூப்ட்டானுங்க பாத்தியா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு நடந்ததைக் கீழ்வீட்டு பொன்னுரங்கம் மாமா வராந்தாவில் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். அவரும் அதே டெர்மினல், மன்னிப்பு எழுதிக் கொடுத்த எட்டுப் பேரில் ஒருவர். திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையில் நின்றபோது ஜெகதீசன் சார் அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தாராம். நைனா, "இது என்னுது இல்ல" என்றாராம். "கையெழுத்து யாருது?" என்று சார் தாளை நீட்டினார்.

"உங்க வூட்டுக்காரரு அத்த வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு, அண்ணி. அப்பால மடிச்சிக் குடுத்துட்டு கிரேன் மேல ஏறிட்டாரு" என்றார் மாமா.

அந்தச் சுழியைப் பார்த்திருக்கிறார் அக்கா.

அன்று சாயங்காலம் வந்ததும் என் பையிலிருந்து ரேங்க் கார்டை எடுத்தார். பார்த்தார். திரும்ப உள்ளே வைத்தார். "பேனா நல்லா எழுதுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

இப்போது தெருவில் எல்லோரும், "இன்னா தலீவரே, நீயும் சமாதானம் ஆயிட்டியா?" என்று கேட்கிறார்கள். அவர் சிரிக்கிறார். அது என் கையெழுத்து இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் யார் போட்டது என்று கேட்பார்கள். அதனால் சொல்லாமல் விழுங்குகிறார்.

நீதான் ஒரு தாள்தானே என்று எழுதினாய். அந்த வரியை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மகிழினி


அம்மான்
19.10.2025

மகி,

அந்த வரியைக் கிழித்துப் போட்டுவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வைத்துக்கொள். நான் எழுதியதுதான்.

சண்டை நின்ற அன்று வார்டில் இனிப்பு கொடுத்தார்கள். ஹானி தொடமாட்டான் என்று நினைத்தேன். இரண்டு எடுத்துத் தின்றுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். திங்கட்கிழமை எகிப்தில் பெரிய தலைவர்கள் எல்லாம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அபு சமீர் திரையை உற்றுப் பார்த்து, "அதோ, நம் ஆளும் நிற்கிறார்" என்றார். "நிற்கிறார். பேசினாரா?" என்றான் ஹானி. அபு சமீரே டிவியை அணைக்கச் சொன்னார்.

அன்றைக்குத்தான் ரீமா பேசினாள். அவள் தங்கை இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் ஒரு ராத்திரி தூங்கினாளாம். "அப்படியென்றால் இந்தத் திட்டம் நல்லதுதானே?" என்று நான் கேட்டேன். உன் தாள் என் பையில் இருந்தது. யாராவது ஆமென்று சொன்னால் நான் தப்பிக்கலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

ரீமா சொன்னாள்: "சுடுவது நின்றது. அதற்கு இரண்டு கையையும் தூக்கி ஆமென்கிறேன். என் தங்கை ரொட்டி வாங்கினாள் என்றால் ரொட்டி வாங்கினாள், அவ்வளவுதான். வீட்டை எழுதிக் கொடுத்தாள் என்று யாரும் சொல்லக் கூடாது. மிச்சத்தை எங்களைக் கேட்காமல் எழுதினால் அது எழுதியவனுடையது."

நைனா வேலைக்குத் திரும்பப் போவது ரொட்டி. அந்த இரண்டு வரி வீடு. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை சொன்னதே போதும்.

கார்குழலி


வியாசர்பாடி
22.11.2025, சனி

அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத எதுவும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை டிவியில் ஐ.நா. ஓட்டெடுப்பு வந்தது. காஸாவை நடத்த வெளிநாட்டுத் தலைவர் கீழே ஒரு போர்டு அமைப்பார்கள் என்றார்கள். நம் ஹவுசிங் போர்டு குடியிருப்பை நினைத்து அம்மா, "அங்கயும் போர்டா? அப்ப மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறாது" என்றாள். நைனா ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். அன்று ராத்திரியே டெர்மினலில் இருந்து போன். அடுத்த கப்பல் வருகிறதாம், அதே மாதிரி மூன்று கன்டெய்னர். 'எந்தச் சரக்கையும் மறுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய், வெள்ளிக்கிழமை நீதான் தூக்க வேண்டும்.'

போனை வைத்துவிட்டு நைனா அம்மாவிடம், "வெள்ளிக்கியம போய் வேலய வுட்டுர்றேன் பூவு" என்றார். சாதாரணமாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷ வேலை. அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. யூனிஃபார்மோடு டோல்கேட்டில் எண்ணூர் பஸ் ஏறினேன். ஒரு ஸ்டாப்பில் இறங்கிவிடக்கூடப் பார்த்தேன். பின்னால் ஏறிய கூட்டத்தில் இறங்க முடியவில்லை. அதனால்தான் போய்ச் சேர்ந்தேன். நான் தைரியசாலி என்று நினைக்காதே.

கேட்டில் வாட்ச்மேன், "இன்னா பாப்பா, ஸ்கூலு அந்தாண்ட கீது" என்றார். ஜெகதீசன் சாரைப் பார்க்க வேண்டும், செங்குட்டுவன் பொண்ணு என்றேன். உள்ளே விட்டார்கள்.

"சார், அந்த மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்து போட்டது நான்" என்றேன்.

சார் சிரித்தார். "அப்பா அனுப்பினாரா?"

"இல்ல சார். அவருக்குத் தெரியாது."

"பாப்பா, அடுத்தவங்க கையெழுத்து போட்டா போலீஸ் கேஸ். தெரியுமா?"

"தெரியும் சார்" என்றேன். மேசையில் இருந்த பேனாவை எடுத்து, அங்கே கிடந்த கேட்பாஸ் தாளின் பின்பக்கம் 'செங்குட்டுவன்' என்று போட்டேன். சுழியோடு. அப்புறம் இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று. மூன்றும் ஒரே மாதிரி விழுந்தது. ஆறு வருஷப் பழக்கம்.

சார் கோப்பைத் திறந்து அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நைனா ஹெல்மெட்டோடு வந்து கதவருகே நின்றார். என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "ஸ்கூல் போகல?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சார் குரலை மாற்றிக்கொண்டு நயமாகப் பேசினார். "செங்குட்டுவா, குழந்தை தெரியாம செஞ்சுட்டா. விஷயம் இந்த ரூமைத் தாண்ட வேணாம். இப்போ நீயே ஒரு கையெழுத்து போட்டுடு. அவளுக்கும் பிரச்சினை இல்ல, உனக்கும் இல்ல. சமாதானமா முடிச்சுக்கலாம்."

நைனா பேனாவை எடுத்தார். போட்டுவிடப் போகிறார், எனக்காகப் போட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். "வேணாம் நைனா!" என்று கத்திவிட்டேன். வெளியே நின்ற ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

நைனா பழைய தாளில், அந்த இரண்டு வரி மேல், குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"வேலைக்கு வரேன் சார். நாளைக்கும் வரேன். இத்த தூக்க மாட்டேன், மன்னிப்பும் கேக்க மாட்டேன். கேஸு போடறதுன்னா எம் மேல போடு. பதினாறு வயசுப் பொண்ணக் காட்டி என்னிய மடக்காத."

திரும்ப சஸ்பெண்டு. விசாரணை வைக்கப் போகிறார்களாம். என் மேல் கேஸ் வருமா என்று தெரியவில்லை. யூனியன் வக்கீல், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். ராத்திரி படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிடுகிறேன்.

ஆனால் ஒன்று. பொன்னுரங்கம் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் தாங்கள் எழுதிக் கொடுத்த தாளைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை வந்த மூன்று கன்டெய்னரும் யார்டிலேயே கிடக்கிறது.

மகிழினி


அம்மான்
27.11.2025

மகி,

நேற்று உன் கடிதத்தை வார்டில் அரபியில் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரபியில் பாதி கை ஜாடை. கேட்பாஸ் தாளில் நீ மூன்று தடவை கையெழுத்து போட்ட இடத்தில் ஹானி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்ததில் ஊசி நகர்ந்து மெஷின் கத்தியது.

இந்த வாரம் முழுக்க ஐ.நா. தீர்மானம் பற்றிச் சண்டை. ரமல்லா வரவேற்றது, ஹமாஸ் ஏற்க மாட்டோம் என்றது. அபு சமீரும் ஹானியும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. உன் கதை முடிந்ததும் அபு சமீர், "அந்தப் பெண்ணின் அப்பா வேலைக்கு வருகிறேன் என்றாரே, அதுதான் என் கட்சி" என்றார். "தூக்க மாட்டேன் என்றாரே, அது என் கட்சி" என்றான் ஹானி. ரீமா, "அந்தப் பெண் யார் கட்சி என்று அவளைக் கேட்டீர்களா?" என்றாள்.

நைனாவிடம் சொல். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் வார்டில், அவர் என் அப்பா என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை போதும். இரண்டு தடவை சொன்னேன்.

கார்குழலி


வியாசர்பாடி
6.12.2025, சனி

அக்கா,

இதைப் பகலில் எழுதுகிறேன். டிவிக்குப் பக்கத்தில், மேசையில். காலையில் எல்லோரும் பாபாசாகேப் சிலைக்கு மாலை போட்டுவிட்டு வந்தோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் நான் எழுதுவதைப் பார்த்து, "அவள ஒழுங்கா சாப்டச் சொல்லு" என்றாள்.

விசாரணை பத்தாம் தேதி. மாமாவும் மற்ற இருவரும் நைனா பக்கம் சாட்சி சொல்கிறார்கள். வேலை போனாலும் போகும். நைனா தெரிந்துதான் இருக்கிறார்.

இடைப்பருவத் தேர்வு ரேங்க் கார்டு கொடுத்தார்கள். வியாழக்கிழமை நைனாவிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவரே போட்டார். கோணல்மாணலாக, சுழி இல்லாமல், கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

நேற்று புஷ்பவல்லி டீச்சர் கார்டைப் பார்த்துவிட்டு என்னை எழுப்பி நிற்க வைத்தார். "இது உங்க அப்பா கையெழுத்து இல்லையே மகிழினி. மேல ரெண்டும் எவ்வளவு அழகா இருக்கு. இதை யார் போட்டது? பொய் சொல்லாதே. அப்பாவைக் கூட்டிட்டு வா."

மத்தியானமே நைனா வந்தார். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், மேல ரெண்டும் பாப்பா போட்டது. கீய கீறதுதான் நானு" என்றார்.

டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தாளைக் கொடுத்து இன்னொரு தடவை போடச் சொன்னார். நைனா போட்டார். அதுவும் கோணல், ஆனால் அதே கோணல்.

"சிரிப்பாதான் கீது. ஆனா என்னுது" என்றார்.

டீச்சர் என்னைத் திட்டத் தொடங்கினார். நைனா கை காட்டி நிறுத்தினார். "அவள வுடுங்க டீச்சர். நான் தூங்கினு இருந்தேன், அதான் போட்டுச்சி. இனிமேட்டு தூங்கினு இருந்தாலும் எயுப்பி கேக்கச் சொல்லிக்கீறேன்."

உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றதும் நைனா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் எழுதியது. நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

மகிழினி

குழலி,
அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு வந்திருக்கணும். வரல. என் தப்பு. இதுக்கு மன்னிப்பு கேக்குறேன். யாரும் சொல்லி எழுதல.

செங்குட்டுவன்